என் காசு எங்கே இருக்கிறது? - கடன் சங்கங்களின் வரலாற்றில் ஒரு பழைய கேள்வி

சென்ற மாதம் ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான சுகநலங்களை விசாரித்த பின்னர் தயங்கித் தயங்கி விடயத்துக்கு வந்தான்.

"மாமா, இஞ்ச ஒரு கிரெடிட் யூனியனில வங்கியை விட வட்டி கூடத் தாறாங்கள். வீடு வித்த காசில கொஞ்சத்தைப் போடலாமோ எண்டு யோசிக்கிறன். நாளைக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? அங்க போய்க் கேட்டனான். பயப்பிட ஒண்டுமில்லை எண்டு சொல்லீனம். அது ஒரு பதிலே?"

அது ஒரு பதிலல்ல என்றுதான் நானும் சொன்னேன். தொலைபேசியை வைத்த பின்னரும் அவனுடைய கேள்வி என்னை விடவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில், பல மொழிகளில் சாதாரண மனிதர்கள் கேட்டுவரும் கேள்வி அது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களையும் கிடைக்காத பதில்களையும் அடுக்கிப் பார்த்தால், கடன் கூட்டுறவு இயக்கத்தின் வரலாறே அதற்குள் அடங்கிவிடும்.

என் அம்மாவிடமும் ஒரு வைப்புப் புத்தகம் இருந்தது. எங்கள் கிராமத்தில் அந்தச் சங்கத்தை முதியவர்கள் ஐக்கிய நாணய சங்கம் என்பார்கள். ஞாயிறு காலையில் பாடசாலை விறாந்தையில் ஒரு மேசை, இரண்டு வாங்கு, ஒரு பேரேடு. செயலாளர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். அம்மா கொடுக்கும் ஐந்து ரூபாவை எழுதிக்கொண்டு புத்தகத்தில் கையொப்பமிட்டுத் தருவார். ஒருமுறை அப்பா பகிடியாக, "வாத்தியார், எங்கட காசு பத்திரமா இருக்கோ?" என்று கேட்டார். வாத்தியார் சிரிக்கவில்லை. பேரேட்டைத் திருப்பி, யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது, எதற்காக, யார் பிணை நின்றார்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். ஒருவர் மிளகாய்த் தோட்டத்துக்கு, இன்னொருவர் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு. எல்லோரையும் அப்பாவுக்குத் தெரியும். பதில் அவ்வளவோடு முடிந்தது.

இந்த விறாந்தை மேசையின் பூர்வீகம் ஜேர்மனியில் இருக்கிறது. 1846-47 காலப்பகுதியின் பஞ்சத்தின்போது பிறெட்றிக் வில்ஹெல்ம் றைபைசன் ரைன் ஆற்றுப் பகுதியில் சிறிய ஊர்களின் நகரபிதாவாக இருந்தார். தானியத்தைத் தருமமாகக் கொடுத்துப் பார்த்தார். தருமம் அடுத்த விளைச்சல் வரை கூடத் தாங்காது என்பதை அனுபவத்தில் கண்டார். 1864இல் ஹெடெஸ்டோர்வ் என்ற ஊரில் அவர் தொடங்கிய கடன் சங்கம்தான் கிராமியக் கடன் கூட்டுறவின் முன்மாதிரியாக அமைந்தது. நகரத்துக் கைவினைஞர்களுக்காக இதே காலத்தில் ஹேர்மன் சுல்ற்சே-டெலிற்ச் வேறொரு பாணியில் கடன் சங்கங்களை அமைத்திருந்தார்.

வைப்பாளரின் கேள்விக்கு றைபைசன் வைத்திருந்த பதில் எளிமையானது, கடுமையானதும்கூட. சங்கத்தின் எல்லை ஒரு கிராமம் அல்லது ஒரு திருச்சபைப் பங்கு. அங்கத்தவர்கள் அனைவரும் சங்கத்தின் கடன்களுக்கு வரையறையற்ற பொறுப்பு உடையவர்கள். சங்கம் நொடித்தால் ஒவ்வோர் அங்கத்தவரும் தன் காணி பூமியைக் கொண்டும் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே தகுதியற்றவனுக்குக் கடன் போவதைத் தடுக்க ஊரே கண் விழித்திருந்தது. காப்புறுதி என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை. அண்டை வீட்டுக்காரனின் கண்தான் காப்புறுதி.

இந்தச் சிந்தனை தமிழர் வாழும் நிலத்துக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. விவசாயிகளின் கடன் சுமைக்குத் தீர்வு தேடிய சென்னை மாகாண அரசு, பிறெட்றிக் நிக்கல்சன் என்ற சிவில் சேவை அதிகாரியை ஐரோப்பிய முறைகளை ஆராயப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. றைபைசனின் வழியே இந்தியக் கிராமத்துக்குப் பொருந்தும் என்பது அதன் சாரம். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அந்த அலையின் தொடர்ச்சியாக இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. எங்கள் கிராமத்துப் பாடசாலை விறாந்தையில் போடப்பட்ட மேசை இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

இன்னொரு கண்ணி பலர் அறியாதது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வணிகரான எட்வேர்ட் பைலீன் 1907இல் உலகப் பயணத்தின்போது இந்தியாவுக்கு வந்தார். வங்காளக் கிராமங்களில் இந்தக் கடன் சங்கங்களை நேரில் பார்த்தார். ஊர் திரும்பிய பின்னர் அமெரிக்கக் கடன் சங்க இயக்கத்துக்குப் பெரும் பணத்தையும் தன் வாழ்நாளில் பெரும்பகுதியையும் கொடுத்தவர் அவர். வட அமெரிக்காவின் கிரெடிட் யூனியன்களின் குடும்பமரத்தில் இந்தியக் கிராமம் ஒன்றும் இருக்கிறது என்பது எங்கள் புலம்பெயர் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கனடாவின் கதை கியூபெக்கில் தொடங்குகிறது. கனேடிய நாடாளுமன்றத்தில் பிரெஞ்சு மொழி அறிக்கையாளராகத் தொழில் பார்த்த அல்போன்ஸ் டெஜார்டன், 1900 டிசம்பரில் லெவி நகரில் மக்கள் சேமிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார். அடுத்த மாதம் பணம் சேர்க்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அலுவலகம் அவருடைய வீடுதான். அவர் ஒட்டாவாவில் இருக்கும் நாட்களில் மனைவி டொரிமேன் கணக்குகளைப் பார்த்தார். ஆனால் அந்தச் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கவில்லை. கியூபெக் சட்டமன்றம் கூட்டுறவு அமைப்புகளுக்கான சட்டத்தை 1906இல்தான் நிறைவேற்றியது. அதுவரை ஏதேனும் நடந்திருந்தால் ஊராரின் சில்லறைக் காசுக்கு அந்தக் குடும்பமே பதில் சொல்லியிருக்க வேண்டும். டெஜார்டனின் உதவியோடு 1908இல் நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் மன்செஸ்ரர் நகரில், பிரெஞ்சுக் கனேடிய ஆலைத் தொழிலாளர்களுக்காக அமெரிக்காவின் முதலாவது கடன் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டு மசச்சுசெட்ஸ் மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது.

சங்கங்கள் வளர்ந்தன. கிராமமும் ஆலையும் கடந்து மாவட்டங்களுக்குப் பரவின. வரையறையற்ற பொறுப்பு கைவிடப்பட்டது. முகம் தெரியாதவர் வைப்பிட, முகம் தெரியாதவர் கடன் பெற்றார். அண்டை வீட்டுக்காரனின் கண் மறைந்த இடத்தில் வேறென்ன வந்தது?

பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வங்கிகள் சரிந்த பின்னர், 1933ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அமெரிக்கா வங்கி வைப்புகளுக்கு மத்திய அரசின் காப்புறுதியைக் கொண்டுவந்தது. 1934இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் மத்திய கடன் சங்கச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆனால் கடன் சங்கங்களில் உள்ள பணத்துக்கான மத்திய காப்புறுதி நிதியம் 1970இல்தான் ஏற்பட்டது. இடைப்பட்ட 36 ஆண்டுகளும் வங்கியில் போட்டவருக்கு இருந்த பாதுகாப்பு சங்கத்தில் போட்டவருக்கு இருக்கவில்லை. 1970இன் பின்னரும் மாநிலச் சட்டங்களின் கீழ்ப் பதிவான சங்கங்கள் சில மாநிலங்களில் தனியார் காப்புறுதியை நாட முடிந்தது. அந்த இடைவெளியில்தான் பேரிடி விழுந்தது.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான றோட் ஐலண்டில் கடன் சங்கங்கள் மக்களின் அன்றாட வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. இத்தாலியர், போர்த்துக்கேயர், பிரெஞ்சுக் கனேடியர் என்று குடியேறிய தொழிலாளர் சமூகங்கள் தங்கள் சேமிப்பை அங்கேதான் வைத்தன. அவற்றில் பலவற்றுக்குக் காப்புறுதி வழங்கியது றிஸ்டிக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு தனியார் அமைப்பு. சங்கங்களின் கதவுகளில் வைப்புகள் காப்புறுதி செய்யப்பட்டவை என்ற அறிவித்தல் இருந்தது. யாரால் காப்புறுதி செய்யப்பட்டவை என்று பெரும்பாலானோர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தார்கள். அந்த அமைப்பை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள், அது மேற்பார்வை செய்யவேண்டிய நிறுவனங்களின் தலைவர்களே என்பது பின்னர்தான் பொதுமக்களுக்கு உறைத்தது. ஆட்டுப்பட்டியைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1985 மார்ச்சில் ஒகையோ மாநிலத்தில் ஹோம் ஸ்ரேற் சேமிப்பு வங்கி சரிந்தபோது, அதற்கான தனியார் உத்தரவாத நிதியமும் சேர்ந்து சரிந்தது. ஆளுநர் ஏறத்தாழ 70 சேமிப்பு நிறுவனங்களை மூடவேண்டி வந்தது. இரண்டு மாதங்களில் மேரிலண்டில் அதே காட்சி. அந்த ஆண்டிலேயே றோட் ஐலண்டின் சட்டமா அதிபர் அலுவலகத்தைச் சேர்ந்த சட்டத்தரணி ஒருவர், தம் மாநிலத்துத் தனியார் காப்புறுதியும் நம்பத்தக்கதல்ல என்று எழுத்தில் எச்சரித்தார். மத்திய காப்புறுதியைக் கட்டாயமாக்கும் முயற்சி 1986இல் மாநிலச் சட்டமன்றத்தில் தோற்றது. அந்தக் கடதாசி ஐந்து ஆண்டுகள் கோப்பில் தூங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளும் மக்கள் தொடர்ந்து பணம் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1990 நவம்பரில் பிறொவிடன்ஸ் நகரத்து ஹெரிற்றேஜ் என்ற சிறு கடன், முதலீட்டு நிறுவனத்தின் தலைவர் ஜோசப் மொலிக்கோன் தலைமறைவானார். சுமார் 13 மில்லியன் டொலர் கையாடப்பட்டிருந்தது. ஒரு சிறு நிறுவனத்தின் திருட்டு காப்புறுதி அமைப்பை உலுக்கியது. செய்தி பரவ, வைப்பாளர்கள் வரிசையில் நின்று பணத்தை எடுக்கத் தொடங்கினர். ஆண்டு முடிவதற்குள் றிஸ்டிக் வீழ்ந்தது. 1991 ஜனவரி முதலாம் திகதி பதவியேற்ற ஆளுநர் புறூஸ் சண்ட்லன், சத்தியப்பிரமாணம் செய்த சில மணி நேரத்திலேயே 45 நிறுவனங்களை மூடும் ஆணையைப் பிறப்பித்தார். பெரும்பாலானவை கடன் சங்கங்கள். சுமார் பத்து இலட்சம் மக்கள் வாழும் மாநிலத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரின் பணம் ஒரே நாளில் முடங்கியது.

மத்திய காப்புறுதி பெறும் தகுதி இருந்த சங்கங்கள் விரைவில் மீளத் திறக்கப்பட்டன. மற்றவற்றில் பணம் வைத்தவர்களே பாவம். பிரெஞ்சுக் கனேடியர் நிறைந்த வூன்சொக்கெற் நகரின் மார்க்கெற் கடன் சங்கம் அவற்றுள் ஒன்று. ஓய்வூதியக்காரர், வீடு வாங்க முற்பணம் சேர்த்தவர், பிள்ளையின் படிப்புக்குச் சேமித்தவர் என்று எல்லோரும் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் முன் திரண்டார்கள். என் காசு எங்கே, எப்போது வரும், யார் தருவார்? மூன்று கேள்விகள். எனக்குத் தெரிந்து உலகின் எந்த வைப்பாளர் போராட்டத்திலும் நான்காவது கேள்வி கிடையாது.

ஆளுநரின் வேண்டுகோளின்படி பிறவுண் பல்கலைக்கழகத் தலைவர் வார்ட்டன் கிறெகோரியன் விசாரணை நடத்தி 1991 மார்ச்சில் அறிக்கை அளித்தார். மணலில் செதுக்கியது என்ற பொருள்படும் தலைப்பே அதன் தீர்ப்பு. வைப்பாளரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க மாநில அரசு தனி அமைப்பொன்றை உருவாக்கி, கடன்பத்திரங்களை வெளியிட்டு, விற்பனை வரியின் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கியது. பணம் திரும்பி வந்தது. ஆனால் சிலர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். வைப்பே இல்லாதவரும் கடையில் பொருள் வாங்கும்போதெல்லாம் அந்த இழப்புக்குப் பங்களித்தார். மொலிக்கோன் 1992இல் சரணடைந்தார். அடுத்த ஆண்டில் அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஒரு தனிமனிதரின் திருட்டாக மட்டும் இதை எழுதிவிட்டுப் போவது எளிது. என் தொழில் அனுபவம் அதை அனுமதிக்கவில்லை. திருடன் எல்லா ஊரிலும் இருப்பான். கேள்வி கேட்கவேண்டியவர் கேட்காததும், பதில் தெரிந்தவர் அதைக் கோப்புக்குள் வைத்ததும்தான் மூன்று இலட்சம் பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்தன.

அந்த ஆண்டிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மத்திய காப்புறுதி இல்லாத சங்கம் அந்த உண்மையை வைப்பாளருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும். ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் முழுமையான விதிகள் 2010இல்தான் வந்தன. ஒரு பலகையில் ஒரு வரி எழுதவைக்கப் பத்தொன்பது ஆண்டுகள்! அமெரிக்காவில் இன்று மத்திய காப்புறுதி பெற்ற கடன் சங்கத்தில் ஒருவரின் பணத்துக்கு 250,000 டொலர் வரை பாதுகாப்பு உண்டு. அங்கே அதை வைப்பு என்றுகூடச் சொல்வதில்லை, பங்கு என்பார்கள். சேமிப்பவரே உரிமையாளர் என்ற பழைய தத்துவத்தின் எச்சம் அது.

நம் நாட்டுக்கு வருவோம். 1911இன் சட்டத்துக்குப் பின்னர் வடபகுதியில் கூட்டுறவு ஆழ வேரூன்றியது. யாழ்ப்பாணத்தின் வீரசிங்கம் மண்டபம், கூட்டுறவாளர் வீ. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்பது தற்செயலல்ல. இன்றும் சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் கிராமங்களில் இயங்குகின்றன. போர்க்காலத்தில் வங்கிக் கிளைகள் மூடிக்கிடந்த ஊர்களில் சங்கங்கள் செய்த சேவையை மறக்க முடியாது.

ஆனால் இலங்கையில் பலர் அறியாத ஒரு வேறுபாடு உண்டு. 2002இல் பிரமுக வங்கியும் 2008இல் உரிமமின்றி வைப்புகளைப் பெற்ற கோல்டன் கீ நிறுவனமும் வீழ்ந்தபோது மக்கள் பட்ட பாட்டைச் செய்தியாக எழுதியவர்களில் நானும் ஒருவன். 2010 ஒக்டோபரில் மத்திய வங்கி கட்டாய வைப்புக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது எல்லை 2 இலட்சம் ரூபா. 2021இல் அது 11 இலட்சமாக உயர்ந்தது. இத்திட்டம் உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உரியது. கூட்டுறவுச் சங்கங்கள் இதற்குள் இல்லை. அவை கூட்டுறவு ஆணையாளரின் மேற்பார்வையில் வருபவை. சனச இயக்கத்திலிருந்து பிறந்த சனச அபிவிருத்தி வங்கி உரிமம் பெற்ற வங்கி என்பதால் திட்டத்துக்குள் இருக்கிறது. அதே பெயரைத் தாங்கிய கிராமத்துச் சங்கம் இல்லை. பெயர் ஒன்றுதான், பாதுகாப்பு ஒன்றல்ல. இதைச் சொல்வது சங்கங்களைப் பழிப்பதற்காக அல்ல. அம்மாவின் ஐந்து ரூபாவை மதித்த சங்கத்தை நான் எப்படிப் பழிப்பேன்? ஆனால் தெரிந்து போடுவது வேறு, தெரியாமல் போடுவது வேறு.

ஆகவே வரலாறு கற்றுத்தந்த கேள்விகளைத் தொகுத்துச் சொல்கிறேன். நான் கொடுப்பது பங்குப் பணமா, சேமிப்பு வைப்பா, நிலையான வைப்பா? சங்கம் நட்டப்பட்டால் பங்குப் பணம் முதலில் கரையும். காப்புறுதி உண்டா, உண்டெனில் அதை வழங்குவது யார், அரசா தனியாரா, எவ்வளவு வரை? கடைசியாகக் கணக்காய்வு எப்போது நடந்தது, அந்த அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வைத்தார்களா? திரும்பி வராத கடன் எவ்வளவு? இயக்குநர்களும் அவர்களின் உறவினரும் பெற்ற கடன் எவ்வளவு? வாய்மொழியில் வரும் பதிலை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அங்கத்தவர் என்றால் கேட்பது உங்கள் உரிமை. இந்தியாவின் 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே, அங்கத்தவரில் மூன்றிலொரு பங்கினர் விண்ணப்பித்தால் பதிவாளர் விசாரணை நடத்த வேண்டும் என்று விதித்தது. கேள்வி கேட்பவன் சங்கத்தின் எதிரி அல்ல என்பதை அந்தக் காலத்து ஆட்சியாளரே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

மருமகனுக்கு மறுநாள் பதில் சொன்னேன். ஒன்ராறியோவில் பதிவான கடன் சங்கங்களுக்குக் கனடாவின் மத்திய வைப்புக் காப்புறுதி இல்லை. மாகாணத்தின் நிதிச் சேவைகள் ஒழுங்குபடுத்தல் ஆணையம் சாதாரண வைப்புகளுக்கு 250,000 டொலர் வரை காப்புறுதி வழங்குகிறது. அவன் போக நினைக்கும் சங்கத்தின் பெயர் அந்த ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். பங்காகப் போடுகிறானா வைப்பாகப் போடுகிறானா என்றும் கேட்கச் சொன்னேன்.

"இதைத்தானே மாமா நான் அவையிட்டக் கேட்டனான்" என்றான்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாங்கள் வீட்டை விட்டு வெளியேறியபோது, அம்மா காணி உறுதியோடு அந்த வைப்புப் புத்தகத்தையும் ஒரு சீலைத்துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஊர் திரும்பியபோது பாடசாலை விறாந்தைக்குக் கூரை இருக்கவில்லை. பேரேடு இல்லை. வாத்தியாரும் இல்லை. அந்தக் காசுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் யாரென்றும் எவருக்கும் தெரியவில்லை. தொகை பெரிதல்ல. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதும் இல்லை.

ஆனால் அவர் இறந்த பின்னர் பெட்டியைத் திறந்தபோது புத்தகம் அதே சீலைத்துண்டுக்குள் இருந்தது. கடைசிப் பக்கத்தில் வாத்தியாரின் கையொப்பம் மங்கலாகத் தெரிந்தது. கேட்டபோதெல்லாம் பேரேட்டைத் திறந்து காட்டிய ஒரு மனிதனின் கையொப்பம் அது. காப்புறுதிச் சட்டங்கள் எல்லாம் அந்த மனிதன் இல்லாத இடத்தை நிரப்பத்தான் வந்தன. முழுவதும் நிரப்பிவிட்டன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.